ரேடாரில் மறைந்த விமானம்: முதல் தகவல்கள் சொல்வதும் சொல்லாததும்

புது தில்லி: கடல் மீது பறந்துகொண்டிருந்த விமானம் ரேடார் திரையிலிருந்து மறைந்ததாகச் செய்தி வெளியாகும்போது அதற்குப் பொருள் ஒன்றுதான்: விமானம் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரியவில்லை. அது விபத்தில் சிக்கியதா என்பது வேறு கேள்வி.

தரையிலுள்ள ரேடாரால் அடிவானத்தைத் தாண்டிப் பார்க்க இயலாது. மிக உயரத்தில் செல்லும் விமானத்தையும் கரையிலிருந்து ஏறத்தாழ 250 கடல் மைல் வரையே அது பின்தொடரும். அதற்கு அப்பால் வானொலி அல்லது செயற்கைக்கோள் வழியாகக் கிடைக்கும் தகவலே துணை.

சர்வதேச விதிகளின்படி, வரவேண்டிய தகவல் 30 நிமிடங்களுக்குள் வராவிட்டால் 'ஐயநிலை' அறிவிக்கப்படும். விசாரித்தும் பலனில்லை எனில் 'எச்சரிக்கை நிலை'. எரிபொருள் தீர்ந்திருக்கும் என்று கருதப்படும் நேரம் வந்தால் 'அபாய நிலை'. இந்தியாவில் இப்பணியை விமான நிலைய ஆணையத்தின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் தொடங்கிவைக்க, கடலில் தேடும் பொறுப்பைக் கடலோரக் காவல் படையும் கடற்படையும் ஏற்கின்றன.

இந்த இடைவெளியில்தான் வதந்திகள் பரவுகின்றன. 2014 மார்ச் 8-ஆம் தேதி 239 பேருடன் மாயமான மலேசிய விமானம் எம்.எச்.370 சீன நகரம் ஒன்றில் தரையிறங்கியதாக அன்றே ஒரு தகவல் பரவியது, அது பொய்த்தது. தென் சீனக் கடலில் தென்பட்ட எண்ணெய்ப் படலம் விமானத்தினுடையது அல்ல என ஆய்வில் தெரியவந்தது. விமானத்தைக் காணவில்லை என்று நிறுவனம் காலை 7.24 மணிக்கு அறிவித்தது. ஆனால், செயற்கைக்கோளுடனான அதன் கடைசி மின்னணுத் தொடர்பு பதிவானதோ 8.19 மணிக்கு. அதாவது, செய்தி வெளியானபோது விமானம் இன்னும் வானில் இருந்தது; அதுவும் தேடத் தொடங்கிய கடலில் அல்ல, வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலின் மீது. இதன் பின்னரே, கடல் மீது பறக்கும் விமானங்களின் இடத்தை 15 நிமிடங்களுக்கு ஒருமுறை பதிவு செய்யும் நடைமுறை 2018 நவம்பரில் அமலுக்கு வந்தது.

இந்தியாவுக்கும் இத்தகைய நீண்ட காத்திருப்பு புதிதல்ல. 2016 ஜூலை 22-ஆம் தேதி காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏஎன்-32 விமானம், 29 பேருடன் வங்கக்கடல் மீது மாயமானது. அது இடப்புறம் திரும்பி, 23,000 அடி உயரத்திலிருந்து விரைவாகக் கீழிறங்கியதை ரேடார் பதிவு காட்டியது. எனவே தேட வேண்டிய பகுதி ஓரளவு தெரிந்திருந்தது. ஆயினும் கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கிக் கப்பல் எனப் பெரும்படை தேடியும் சிதைவுகள் கிடைக்கவில்லை. அவசரகாலச் சமிக்ஞைக் கருவியின் வானொலி அலைகள் ஆழ்நீரை ஊடுருவாது. விமானம் மூழ்கிவிட்டால் செயற்கைக்கோளால் அதைக் கேட்க இயலாது. செப்டம்பரில், விமானத்தில் இருந்தோர் உயிரிழந்ததாகக் கருதப்படுவதாக அவர்களின் குடும்பத்தினருக்குத் தெரிவிக்கப்பட்டது.

விடை வந்தது 2024 ஜனவரியில். சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி ஊர்தி, 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகளைப் படம் பிடித்தது. அவை ஏஎன்-32 விமானத்தின் அமைப்போடு ஒத்திருந்தன. அப்பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை என்பதால், அவை அந்த விமானத்தினுடையவையாகவே இருக்கக்கூடும் என்று பாதுகாப்பு அமைச்சகம் தெரிவித்தது. ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அந்த அறிக்கையிலும் 'இருக்கக்கூடும்' என்ற சொல்லே இடம்பெற்றிருந்தது.