விண்டோஸ் திறக்கவில்லையா? பார்மட் செய்யும் முன் பைல்களை மீட்டிடுங்கள்!

இரவு வரை நன்றாக வேலை செய்த கம்ப்யூட்டர், காலையில் ஸ்விட்ச் போட்டதும் நீலத் திரையைக் காட்டி நின்றுவிடுகிறது. அல்லது கம்பெனியின் லோகோ வந்து, புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக் கொண்டே இருக்கின்றன. உள்ளே மகளின் பிராஜக்ட் ரிப்போர்ட், திருமண போட்டோக்கள், கடையின் மூன்று வருடக் கணக்கு. அவசரத்தில் தெரிந்த ஒருவரை அழைக்கிறோம். அவர் பார்த்துவிட்டு, "விண்டோஸ் போயிடுச்சு சார், பார்மட் பண்ணிடலாமா?" என்று கேட்கிறார். நாமும் தலையாட்டி விடுகிறோம். பைல்கள் தொலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கம்ப்யூட்டர் பழுதான போது அல்ல.

விண்டோஸ் என்பது உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பல பைல்களின் தொகுப்பு. அதில் சில கெட்டுப் போனால் விண்டோஸ் இயங்காது. ஆனால் அதே டிஸ்க்கில் உள்ள உங்கள் போட்டோவும் கணக்கும் அப்படியேதான் இருக்கும். வீட்டுக் கதவின் பூட்டு கெட்டுவிட்டால் வீட்டையா இடிக்கிறோம்? வேறு வழியாக உள்ளே போய்ப் பொருட்களை எடுத்துக் கொள்ளலாம். அந்த வழிகளை இங்கு பார்க்கலாம்.

செய்யக் கூடாதவை

* பைல்களை எடுக்கும் வரை, பார்மட் செய்யவோ விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்யவோ யாரையும் அனுமதிக்க வேண்டாம்.

* "ரீசெட் திஸ் பிசி" பகுதியில் "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதைத் தொடவே வேண்டாம். "கீப் மை பைல்ஸ்" என்பதைக் கூட, காப்பி எடுத்த பிறகே முயற்சி செய்திடவும்.

* ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டக் டக்" என்ற சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தவும். மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்ப்பது, உள்ளே உள்ள தகட்டைக் கீறிவிடலாம்.

* எஸ்.எஸ்.டி. டிஸ்க் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக குவிக் பார்மட் செய்தாலும், ரெகவரி சாப்ட்வேர் மூலம் பலவற்றை மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி.யில் "டிரிம்" என்ற வசதி, அழித்த இடத்தை உண்மையிலேயே காலி செய்துவிடும். பிறகு மீட்பது அநேகமாக முடியாது.

பழுது எங்கே?

பவர் பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லை என்றால், பிரச்னை பவர் சப்ளை, சார்ஜர் அல்லது மதர்போர்டில் இருக்கலாம். டிஸ்க் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நேரே மூன்றாவது வழிக்குச் செல்லுங்கள். லோகோ வந்து விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் முதல் இரண்டு வழிகள் போதும். "பூட் டிவைஸ் இல்லை" என்று செய்தி வந்தால், முதலில் செருகியுள்ள பென் டிரைவ்களை எல்லாம் எடுத்துவிட்டு மீண்டும் பார்க்கவும். அதன் பிறகும் அதே செய்தி வந்து, பயாஸ் திரையிலும் டிஸ்க்கின் பெயர் இல்லை என்றால் டிஸ்க் அல்லது அதன் இணைப்பில் கோளாறு இருக்கலாம்.

முதல் வழி: நோட்பேட் உதவும்!

இதற்கு வேறு கம்ப்யூட்டர் வேண்டாம். காலி இடம் உள்ள ஒரு பென் டிரைவ் அல்லது எக்ஸ்டர்னல் டிஸ்க் போதும். விண்டோஸ் 10 மற்றும் 11-ல், இயக்கம் தொடங்கும் போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இரண்டு, மூன்று முறை இப்படிச் செய்தால், விண்டோஸ் தானே ஆட்டோமேட்டிக் ரிப்பேர் பகுதிக்குச் செல்லும். (டிஸ்க்கில் சத்தம் வந்தால் இதைச் செய்ய வேண்டாம்.)

அங்கு அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், டிரபுள்ஷூட், மீண்டும் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று வரிசையாகச் செல்லவும். கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். நோட்பேட் திறக்கும். அதில் பைல் மெனுவில் ஓப்பன் கிளிக் செய்து, கீழே "டெக்ஸ்ட் டாக்குமெண்ட்ஸ்" என்று உள்ள இடத்தில் "ஆல் பைல்ஸ்" என மாற்றவும். இப்போது உங்கள் டிரைவ்கள் அனைத்தும் தெரியும். வேண்டிய போல்டரில் ரைட் கிளிக் செய்து காப்பி கொடுத்து, பென் டிரைவைத் திறந்து பேஸ்ட் செய்திடவும்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இங்கு டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம்; சி டிரைவ் என்று நினைத்தது டி ஆக இருக்கலாம். அடுத்து, காப்பி ஆவதைக் காட்டும் பட்டை இங்கு வராது. திரை உறைந்தது போல் நிற்கும். பதற்றப்பட்டு ஆஃப் செய்துவிடாமல் காத்திருங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுக்காமல், போல்டர் போல்டராக எடுப்பது நல்லது.

இரண்டாம் வழி: லினக்ஸ் பென் டிரைவ்

ரிப்பேர் பகுதியே வரவில்லையா? விண்டோஸைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கலாம். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த நாப்பிக்ஸ், சிடியிலிருந்தே இயங்கிப் பலருடைய பைல்களைக் காப்பாற்றியது. இன்று அதே வேலையை லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை செய்கின்றன. எல்லாம் இலவசம்.

1. நண்பரின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் ஐ.எஸ்.ஓ. பைலை, அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து டவுண்லோட் செய்திடவும்.

2. ரூஃபஸ் என்னும் இலவச புரோகிராம் மூலம் அதை 8 ஜிபி பென் டிரைவில் எழுதவும். அந்த பென் டிரைவில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும்.

3. பழுதான கம்ப்யூட்டரில் அதைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயைத் தட்டவும். டெல், லெனோவா, ஏசர் ஆகியவற்றில் பெரும்பாலும் எஃப்12, எச்பி-யில் எஃப்9, ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப்.

4. லினக்ஸ் திரை வந்ததும், அதில் உள்ள "இன்ஸ்டால்" ஐகானை மட்டும் கிளிக் செய்துவிடாதீர்கள். உபுண்டு என்றால், "டிரை" என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

5. பைல் மேனேஜரைத் திறந்தால் இடது பக்கம் உங்கள் டிஸ்க் தெரியும். இன்னொரு பென் டிரைவ் அல்லது எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி, பைல்களை அதற்குக் காப்பி செய்திடவும்.

"படிக்க மட்டும்" என்ற நிலையில் டிஸ்க் திறந்தால் கவலை வேண்டாம். விண்டோஸின் பாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியால் அப்படி ஆகலாம். காப்பி எடுக்கப் படிக்க முடிந்தாலே போதும். இன்னொன்று, பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே வீடியோ பைல் அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் இருக்கட்டும்.

மூன்றாம் வழி: டிஸ்க்கைக் கழற்றுதல்

கம்ப்யூட்டரே உயிர் பெறவில்லை என்றால், டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டர் அல்லது என்க்ளோஷர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் இணைக்கலாம். 2.5 இன்ச் லேப்டாப் டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும். 3.5 இன்ச் டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டருடன் கூடியது தேவை. சூயிங்கம் பட்டை போல் இருக்கும் எம்.2 வகையில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு வகை உண்டு. அதற்கேற்ற என்க்ளோஷரைப் பார்த்து வாங்கவும். சில மெல்லிய லேப்டாப்களில் டிஸ்க் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதற்கு இந்த வழி உதவாது.

இணைத்ததும் "இந்த டிஸ்க்கை பார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால், கேன்சல் கொடுக்கவும். போல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று சொன்னால், கன்டினியூ கிளிக் செய்து காத்திருக்கவும்.

48 எண் பூட்டு

புதிய கம்ப்யூட்டர்களில் ஒரு சிக்கல் உண்டு. பிட்லாக்கர் என்னும் பூட்டு. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு (2024) முதல், புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தால், ஹோம் எடிஷனிலும் பெரும்பாலும் இது தானாகவே போடப்படுகிறது. அப்போது மேலே சொன்ன மூன்று வழிகளிலும் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். மொபைலில் அதே மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து, டிவைஸஸ் பகுதியில் பார்த்தால் அந்த எண் கிடைக்கும். அந்த எண் இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது. எனவே கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும் போதே எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.

எவற்றை எடுப்பது?

யூசர்ஸ் போல்டரில் உங்கள் பெயரில் உள்ள போல்டரைத் திறந்து டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுண்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை எடுக்கவும். டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால், அதே இடத்தில் உள்ள ஒன்டிரைவ் போல்டருக்குள் பாருங்கள். ஒன்டிரைவ் பயன்படுத்துபவர் என்றால், இணையத்திலேயே பைல்கள் பத்திரமாக இருக்கலாம். கடைக்காரர்கள் டேலி டேட்டா போல்டரை மறக்க வேண்டாம். டேலி பிரைமில் அது பெரும்பாலும் யூசர்ஸ் போல்டரில் பப்ளிக் என்பதற்குள் இருக்கும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் டைப் செய்தவர்கள், விண்டோஸ் போல்டரில் உள்ள பான்ட்ஸ் போல்டரையும் எடுத்துக் கொள்ளவும். எழுத்துரு இல்லாமல் பைலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகளே தெரியும்.

காப்பி முடிந்ததும் வேறு கம்ப்யூட்டரில் பத்துப் பைல்களையாவது திறந்து பாருங்கள். திறந்தால் மட்டுமே பழைய டிஸ்க்கை பார்மட் செய்யக் கொடுக்கலாம்.

எப்போது நிறுத்துவது?

சத்தம் வரும் டிஸ்க், பயாஸில் தெரியாத டிஸ்க், காப்பி ஆகும் போது அடிக்கடி அறுந்து போகும் டிஸ்க். இவற்றை வீட்டில் சோதிக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைப்பது, மூடியைத் திறப்பது போன்ற வைத்தியங்கள் உள்ளதையும் கெடுக்கும். உள்ளே தகட்டுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு தூசியை விடக் குறைவு. தூசியற்ற அறை உள்ள டேட்டா ரெகவரி நிலையத்திடம் கொடுங்கள். செலவு அதிகம், எனவே எந்த போல்டர் அவசியம் என்று முதலிலேயே சொல்லி, கட்டணத்தைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

இந்தச் செலவையும் கவலையையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் தவிர்த்துவிடும். மாதம் ஒரு நாள், மின் கட்டணம் கட்டுவது போல நினைவு வைத்து, முக்கியமான போல்டர்களை அதில் காப்பி செய்து, கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். முதல் காப்பியை இன்றே எடுத்திடுங்கள்.