ஒரு போன், மூன்று வேலை

இரவு ஒன்பதரை. கத்தாரில் அப்போது ஏழு மணி. தகப்பன் வேலை முடித்து அறைக்கு வந்திருப்பார். மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில் ஒரு வீட்டில் பிள்ளை பாயில் படுத்தபடி அவரோடு முகம் பார்த்துக் கதைக்கிறது. கதை முடிகிறது. போன் மட்டும் பிள்ளையின் கையை விட்டுப் போகவில்லை. பத்தரைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

"போனைப் பறித்து வையுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் இப்படியான வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை. மட்டக்களப்பில் எத்தனையோ வீடுகளில் அப்பாவோ அம்மாவோ அந்தக் கண்ணாடி வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது வகுப்பறையும் அதற்குள்ளேயே வந்து சேர்ந்தது. அதுவரை போனைத் தொட விடாத தாய்மாரே ரீலோட் போட்டு, வட்ஸ்அப்பில் சேர் அனுப்பிய நோட்ஸைப் பார் என்று கையில் கொடுத்தார்கள். பாடசாலை திரும்பத் திறந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்கத்தான் ஒருவருக்கும் வழி தெரியவில்லை.

ஆக, ஒரே போனுக்கு மூன்று வேலை: உறவு, பாடம், பொழுதுபோக்கு. நோட்ஸை மூடிய விரல் மறுநொடி ரிக்ரொக்கைத் திறந்துவிடும். வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எத்தனை மணிநேரம் என்று எண்ணத் தொடங்குமுன் இந்த மூன்றையும் பிரித்து வைப்பதுதான் முதல் வேலை என்பேன்.

பாடத்தைப் பிரிப்பது லேசு. நோட்ஸைச் சந்தியிலுள்ள கொமினிகேஷனில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால், படிக்கும் நேரத்தில் போனுக்கு வேலையே இல்லை. காசு கொஞ்சம் போகும். டேட்டாவுக்கும்தானே போகிறது.

பொழுதுபோக்குத்தான் சண்டை பிடிக்கும் இடம். "இன்னும் அஞ்சு நிமிஷத்தில வை" என்று தாய் சொல்கிறார், மகன் கத்துகிறான். பல நேரம் அது அடங்காத்தனம் அல்ல. ஃப்ரீ ஃபயர் போன்ற விளையாட்டில் ஓர் ஆட்டம் ஏறக்குறைய 10 நிமிடம் ஓடும். இடையில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் விட்டால், கூட விளையாடும் கூட்டாளிமார் தோற்கக்கூடும். நிமிடத்தை விட்டு ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள்: "ரெண்டு ஆட்டம், அதோட சரி." கிளித்தட்டில் பாதியில் ஓடிப்போனவனை மறுநாள் சேர்த்துக்கொள்ள மாட்டோமே, அதே நியாயம்தான். சின்ன வீடியோக்கள் வேறு சாதி. அவற்றுக்கு முடிவே கிடையாது. ஒன்று தீருமுன் அடுத்தது வந்து நிற்கும், அடுத்தது நல்லதாக இருக்கலாம் என்ற ஆசையில் விரல் தள்ளிக்கொண்டே போகும். பெரியவர்களே தோற்கிற இடத்தில் எட்டு வயதுப் பிள்ளையிடம் மனக்கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது அநியாயம். முடிவுள்ள ஒன்றைக் கொடுக்கலாம்: ஒரு முழுக் கார்ட்டூன், ஒரு படம். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியையும் நிறுத்தி வைக்கலாம்.

பிள்ளைக்குத் தனிப் போனும் தனிக் கணக்கும் இருந்தால், கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாக வெளிநாட்டில் இருக்கும் தாயும் அங்கிருந்தே நேர வரம்பு போடலாம். ஆனால் இங்கே பல வீடுகளில் பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா. கடவுச்சொல் பேரனுக்குத் தெரியும், அம்மம்மாவுக்குத் தெரியாது. அவருக்கு இடம் சார்ந்த ஒழுங்குதான் சரிவரும்: இரவு எட்டு மணிக்குப் பிறகு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் குசினிக்குப் பக்கத்துத் தட்டில் சார்ஜில் கிடக்க வேண்டும். எல்லாப் போனும் என்றால் மாமாவுடையதும்தான். இதில்தான் பெரும்பாலான வீடுகள் வழுக்குகின்றன.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் 10 முதல் 13 மணிநேரம் வேண்டும். கைக்குழந்தை தகப்பனை வீடியோவில் பார்ப்பது கூடாதா என்று கேட்பீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2016இல் தந்த வழிகாட்டலில் ஒன்றரை வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் வீடியோ அழைப்பை மட்டும் விலக்காக விட்டிருக்கிறது. சோறு தீத்தப் போனைக் காட்டுவதற்கு அப்படி ஒரு விலக்கு இல்லை.

திரைக்கு எதிர்ப்பக்கம் வெயில். தாய்வானில் 2010 முதல் பாடசாலைப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே விட ஊக்குவித்தார்கள். கூடிக்கொண்டே வந்த பார்வைக் குறைபாடு அதன்பின் குறையத் தொடங்கியது. பகல் வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் டோபமைன் சுரந்து, கண்விழி அளவுமீறி நீள்வதைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். வாவிக்கரையில் வெயிலுக்குப் பஞ்சமா? பொருளாதார நெருக்கடியில், 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் மின்சாரம் வெட்டியபோது, சார்ஜ் தீர்ந்த பிள்ளைகள் தாமாகவே ஒழுங்கைக்கு இறங்கினார்கள். அந்த நாட்களை நாம் யாரும் திரும்பக் கேட்கமாட்டோம். பிள்ளைகளுக்கு விளையாட மறக்கவில்லை என்பது மட்டும் அன்று தெரிந்தது.

இன்னொன்று. முகம் தெரியாத ஒருவர் படம் கேட்டாலோ மிரட்டினாலோ பிள்ளை வீட்டில் சொல்லாமல் இருப்பதற்குப் பெரிய காரணம், சொன்னால் போன் போய்விடும் என்ற பயம். "சொன்னா போனைப் பறிக்க மாட்டன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. பிள்ளைக்கும் அது மனப்பாடமாக இருக்கட்டும்.

இனி அந்த ஒன்பதரை மணி அழைப்பு. எட்டு மணிக்குப் போன் தட்டுக்குப் போவதால் அதையும் நேரத்தோடு எடுக்க வேண்டும். வளைகுடாவில் பலருக்கு வெள்ளிக்கிழமை லீவு. பின்னேரம் ஐந்து மணிக்கு இங்கே பிள்ளை வந்திருக்கும், அங்கே இரண்டரை. முற்றத்தில் இருந்து, அம்மம்மாவும் பக்கத்தில் இருக்க, ஆறுதலாகக் கதைக்கலாம். மற்ற நாட்களில் அப்பா தன் குரலைப் பதிந்து அனுப்பட்டும். காலையில் தலை இழுக்கும்போது கேட்கலாம்.