புளூடூத் பெட்டியில் இரைச்சல் ஏன்?

விடுமுறை விட்டால் நம் பிள்ளைகள் பலர் கம்பியில்லா ஒலிபெருக்கி ஒன்றைத் தாங்களே செய்து பார்க்கிறார்கள். ஒரு சிறு புளூடூத் பலகை, பி.ஏ.எம். 8403 சில்லு வைத்த ஓர் ஆம்ப்ளிஃபையர் பலகை, பழைய ரேடியோவில் கழற்றிய இரண்டு ஸ்பீக்கர், அவ்வளவுதான். மும்பை லாமிங்டன் ரோடு, டில்லி லஜ்பத்ராய் மார்க்கெட், பெங்களூர் எஸ்.பி. ரோடு எங்கு போனாலும் கிடைக்கும். மாலைக்குள் பாட்டு வந்துவிடும். கூடவே ஓர் இரைச்சலும் வரும். "பலகை மட்டம், வேற வாங்கணும்" என்று பிள்ளை சொல்லும். அவசரம் வேண்டாம். பெரும்பாலும் பலகை நன்றாகவே இருக்கும்; கோளாறு, கம்பி போன வழியில்தான்.

முதல் கருவி நம் காதுதான். பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மழை பெய்வதுபோல் மெல்லிய 'உஸ்' என்றால் அது எல்லா ஆம்ப்ளிஃபையரிலும் கொஞ்சம் உண்டு. ஃபோனில் ஒலியைக் கூட்டி, பெட்டியில் குறைத்து வைத்தால் அடங்கிவிடும். தாழ்ந்த குரலில் ஒரே சுரமாக 'உம்ம்' என்றால் அது வீட்டு மின்சாரம். ஃபோன் இணையும்போது ஒரு மாதிரியும் இணைந்தபின் வேறு மாதிரியும் 'கிர்ர்' என்றால் அது புளூடூத் சில்லின் வேலை.

இந்த 'உம்ம்' சங்கீதம் கற்கும் வீட்டில் வெறும் தொந்தரவு மட்டும் அல்ல. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதை நேர் மின்சாரமாக்கும்போது ஒவ்வொரு சுற்றின் இரு பாதியும் சேர்ந்து 100 துடிப்பாகிறது. அதன் மடங்காக 200-ம் கேட்கும். ஐந்து கட்டைக்குப் பாடும் பெண் குழந்தையின் ஆதார ஸட்ஜம் 196. தம்புரா ஒலி இந்தப் பெட்டி வழியே வந்தால், 196-ம் 200-ம் மோதி நொடிக்கு நான்கு முறை அலையும். சுருதி சேர்க்கக் கற்கிற காதுக்கு இதைவிடக் கெடுதல் வேண்டாம்.

'கிர்ர்' சத்தத்துக்கு வருவோம். அடுக்ககத்தில் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் சமையலறைத் தொட்டியில் 'குளுகுளு' என்று கேட்கிறதல்லவா? இரண்டுக்கும் கழிவுக்குழாய் ஒன்று. இங்கே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் 'கிரவுண்டு' கம்பிதான் அந்தக் குழாய். புளூடூத் நொடிக்கு 1600 முறை வரை அலைவரிசை மாற்றிப் பேசுவது. அந்த ரேடியோ அலை நம் காதில் விழாது. ஆனால் அதற்காகச் சில்லு விட்டு விட்டு இழுக்கும் மின்சாரம் காதுக்கு எட்டும் துடிப்பாக இருக்கிறது. பொதுக் கம்பியின் தடை 0.1 ஓம், துடிப்பு 50 மில்லி ஆம்பியர் என்றால் 5 மில்லி வோல்ட். ஆம்ப்ளிஃபையர் 16 மடங்கு பெருக்கினால் 80 மில்லி வோல்ட் ஸ்பீக்கருக்குப் போகும். அமைதியான அறையில் நன்றாகவே கேட்கும்.

உறுதி செய்வது சுலபம். ஒலிக்கம்பிகளை அப்படியே விட்டு, புளூடூத் பலகைக்கு மட்டும் மூன்று பென்சில் செல்லில் தனியாக மின்சாரம் கொடுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி பொது வழிதான். அப்போது இரு பலகைக்கும் பேட்டரி முனையிலிருந்தே தனித்தனியாகத் தடித்த, குட்டையான கம்பி இழுக்க வேண்டும். ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குத் தொங்கவிடக் கூடாது. ஆம்ப்ளிஃபையரின் காலடியில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் 0.1 ஒன்றும் சால்டர் செய்யலாம். அதற்கும் அடங்காவிட்டால் பி 0505 எஸ் என்ற சிறு கறுப்புப் பெட்டி உண்டு. 5 வோல்ட் வாங்கி 5 வோல்ட்டே தரும், ஆனால் இரு பக்கத்துக்கும் நடுவே கம்பித் தொடர்பு இராது. புளூடூத் பலகைக்கு மின்சாரம் இதன் வழியே போகட்டும். என் அனுபவத்தில் இது கைவிட்டதில்லை. ஒன்று மட்டும்: 8403-ல் ஸ்பீக்கரின் கறுப்புக் கம்பியைக் கிரவுண்டோடு சேர்க்காதீர்கள், சில்லு போய்விடும்.

இனி பெரிய விஷயம். பேட்டரியை விட்டு, இரும்புப் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்ளிஃபையராகச் செய்து, அதைக் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்தால் 'உம்ம்' பலமாக வரலாம். இரண்டுக்கும் எர்த் தனித்தனி பிளக்கில், நடுவே ஒலிக்கம்பி. ஆக ஒரு வளையம். "மூணாவது பின்னை எடுத்துடு, நின்னுடும்" என்று யாராவது சொல்வார். நிஜமாகவே நின்றுவிடும், அதுதான் ஆபத்து. பின்னொரு நாள் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு கெட்டால் பெட்டி உடம்பில் 230 வோல்ட் ஏறும். எர்த் இருந்தால் அக்கணமே ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் பெட்டி ஒரு கை தொடக் காத்திருக்கும். சங்க விழா மேடையில் அதைத் தொடப்போவது நம் பிள்ளைகள்தான்.

எர்த்தை விட்டுவிட்டு வளையத்தை வேறு இடத்தில் அறுக்கலாம். முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள். கம்ப்யூட்டரைக் கழற்றி, ஃபோனிலிருந்து புளூடூத்தில் பாட்டை அனுப்பினால் வளையமே இல்லை. கம்பிதான் வேண்டுமென்றால் ஒலிக்கம்பியின் நடுவே ஒன்றுக்கு ஒன்று விகித ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். மலிவான சிறிய வகையில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் சற்று மெலியும், ஆகையால் கடையிலேயே போட்டுக் கேட்டு வாங்குங்கள்.