நர்சிங் பட்டப்படிப்பு ஆன கதை

கொடைக்கானல் ‘ஹில்டாப்’ பங்களாவில் 1960 மே மாதம் காலமான டாக்டர் ஐடா ஸ்கடரை வேலூர் சி.எம்.சி.யின் நிறுவனர் என்று அறிவோம். இந்தியாவில் நர்சிங் பல்கலைக்கழகப் படிப்பானதிலும் அவர் தொடங்கிய பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு.

1902-ல் வேலூரில் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை திறந்தது. நர்ஸ்களுக்குத்தான் பஞ்சம். முன்பின் தெரியாதவரின் புண்ணைக் கழுவுவதும் மலஜலம் எடுப்பதும் ‘நல்ல குடும்பத்துப் பெண்’ செய்கிற வேலையா என்று ஊர் முகம் சுளித்த காலம். ஆகவே, டீலியா ஹௌட்டன் என்ற நர்ஸின் துணையோடு 1909-ல் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார் ஐடா. மருத்துவப் பள்ளி வந்தது அதற்கு 9 ஆண்டுகள் கழித்து, 1918-ல்தான்.

அதே 1909-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே நர்சிங் பள்ளி ஒன்றைத் திறந்தது. இதில் என்ன புதுமை? மருத்துவமனை நடத்தும் பள்ளியில் மாணவி பாதி வேலைக்காரி. வார்டில் ஆள் குறைந்தால் வகுப்பு நின்றுபோகும். பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தால் பாடத்திட்டமும் தேர்வும் மருத்துவமனையின் அவசரத்துக்கு வளையாது. உடற்கூறியல், நுண்ணுயிரியல், உளவியல் எல்லாம் முறையாகப் படித்தாக வேண்டும்.

இந்தியாவில் அந்த மாற்றம் 1946-ல் வந்தது. வேலூரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது, டெல்லியிலும் அதே ஆண்டில் ஒரு கல்லூரி. நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் இவைதாம். மறு ஆண்டே இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்து, நாடு முழுவதற்கும் ஒரே தரத்தை வகுக்க வழி செய்தது. 1960-களின் கடைசியில் வேலூரில் எம்.எஸ்சி.யும் சேர்ந்தது. இப்போது தமிழ்நாட்டின் பெரும்பாலான நர்சிங் கல்லூரிகளின் பட்டத் தேர்வுகளை நடத்துவது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

பட்டம் வந்ததால் வார்டு விலகிப்போகவில்லை. வேலூரில் வகுப்பெடுக்கும் ஆசிரியைகளே வார்டுப் பொறுப்பையும் சுமக்கிறார்கள். பாடத்தில் சொன்னதை நோயாளியின் கட்டிலருகே செய்துகாட்ட வேண்டியவர்களும் அவர்களே.

இன்று பிளஸ் டூ முடித்தவர்கள் முன் இரு வழிகள்: 3 ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ, 4 ஆண்டு பி.எஸ்சி. இரண்டிலும் தேறியவர்கள் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிந்து ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம். ஆனால் எம்.எஸ்சி. படிக்கவும் கல்லூரியில் கற்பிக்கவும் பட்டம் வேண்டும். டிப்ளமோ முடித்தவர்களுக்கும் கதவு மூடவில்லை: 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. அதற்காகவே இருக்கிறது.