புண் ஆறியது, நோய் ஆறவில்லை

ஹாஸ்டலில் ஒருத்தனுக்கு நீர்க்கடுப்பு என்றால் நம்மிடம் இருக்கிற வைத்தியம் ஒன்றுதான்: "சூடுடா, இளநீர் குடி." நானும் என் நண்பனிடம் அப்படித்தான் சொன்னேன். மூன்றாம் நாள் சீழ் வந்தது. பயந்துபோய் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். கொனோரியா, அதாவது வெட்டை நோய் என்றார் டாக்டர்.

அங்கே கேட்டதில் என்னை உலுக்கியது கிரந்தி எனப்படும் சிபிலிஸ்தான். 1905-இல் பெர்லினில் கண்டறியப்பட்ட, திருகுச் சுருள் போன்ற கிருமி. தொற்றிய சுமார் 3 வாரத்தில் ஒரு புண் வரும், பெரும்பாலும் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும். அப்பாடா என்று இருந்துவிடுவோம். கிருமியோ உடம்புக்குள்ளேயே இருக்கும். பல வருஷம் கழித்து இதயத்தை, மூளையைத் தாக்கலாம். துருவைச் சுரண்டாமல் பெயின்ட் அடித்த கதைதான்! வி.டி.ஆர்.எல். போன்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆரம்பத்திலேயே பிடித்தால் 24 லட்சம் யூனிட் பென்சாதின் பென்சிலின் ஊசி, ஒரே தடவை.

கிளமிடியா இன்னும் கள்ளத்தனமானது. பலருக்கு அறிகுறியே இருக்காது. பெண்களுக்குக் கருக்குழாய் அடைபட்டு, குழந்தை இல்லையே என்று போகும்போதுதான் சிலருக்குத் தெரியவரும்.

ஆணுறை அபாயத்தை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அது மூடாத இடத்தில் புண் இருந்தால் கிரந்தி தொற்றும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் நாலு மாத்திரையை நம்பாதீர்கள். வெட்டைக் கிருமி பழைய மருந்துகள் பலவற்றுக்கு இப்போது மசிவதில்லை.

நண்பனுக்கு ஊசி போட்டார்கள். "அந்தப் பொண்ணையும் வரச் சொல்லு தம்பி. அவங்களுக்கும் வைத்தியம் பண்ணலேன்னா உனக்கு மறுபடியும் வரும்" என்றார் டாக்டர். பஸ் ஸ்டாண்டு வரை அவன் பேசவே இல்லை. பிறகு தயங்கித் தயங்கி போனை எடுத்தான்.