வெயிலில் அரிக்கிறதா? காதுக்குப் பின்னால் பாருங்கள்!

'களையெடுக்கப் போய்விட்டு வந்தாலே முகம், கழுத்தெல்லாம் சிவந்து அரிக்கிறது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லையா?' என்று கேட்டிருக்கிறார் வாசகி ஒருவர்.

வெயிலாகவும் இருக்கலாம், வெயிலோடு சேர்ந்து வேறொன்றும் வேலை செய்யலாம். தோல் மருத்துவர் முதலில் பார்ப்பது, தடிப்பு எங்கெங்கே இருக்கிறது என்பதைத்தான். வெயில் மட்டும் காரணமென்றால் நெற்றி, மூக்கு, கன்னம், பின்கழுத்து, முன்னங்கையின் வெளிப்புறம் பாதிக்கும். நிழல் விழும் மேல் இமை, தாடைக்கு அடிப்பகுதி, காதுக்குப் பின்புறம் ஆகியவை பெரும்பாலும் தப்பிவிடும். அங்கேயும், முழங்கை மடிப்பிலும் சொறி இருந்தால், காற்றில் வரும் ஏதோ ஒன்றின்மேல் சந்தேகம் திரும்பும்.

நம் ஊரில் அந்தச் சந்தேகம் முதலில் பார்த்தீனியத்தின் மேல்தான். 1950-களில் புனே பக்கம் கவனிக்கப்பட்ட களை, இன்று வரப்பு, தரிசு என்று எங்கும் நிற்கிறது. இதிலுள்ள 'பார்த்தினின்' என்ற பொருள்தான் வில்லன். காய்ந்த செடியின் தூள் பட்டாலே போதும். பல வருடம் ஒன்றும் ஆகாமல் பிடுங்கியவருக்கும் திடீரென ஒவ்வாமை வரும். வெயில் பட்டால் இது மோசமாகும் என்பதால்தான் பழி வெயில்மேல் விழுகிறது.

இதை உறுதிசெய்ய 'பேட்ச் டெஸ்ட்' உண்டு. சந்தேகப் பொருள்களை முதுகில் சிறுசிறு ஒட்டுகளாக ஒட்டி, 2 நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். 4-ம் நாள் வாக்கில் மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. அறுவடை நேரத்தில் இதற்குப் போய்ப் பயனில்லை. வெயிலின் பங்கை அறிய, அதே பொருள்களை இரண்டு வரிசையாக ஒட்டி, ஒரு வரிசையில் மட்டும் புற ஊதாக் கதிர் காட்டி ஒப்பிடுவதும் உண்டு.

போகும்போது, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவையும் வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும். கார்போக அரிசி சேர்ந்த மருந்து பூசியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் முகத்தில் பூசி, தோல் மெலிந்து, பரு வந்து நிற்பவர்கள் ஏராளம். அது நோயின் அடையாளத்தையே மாற்றிவிடும்.

கன்னச் சிவப்போடு மூட்டுவலி, வாய்ப்புண், விட்டுவிட்டுக் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரகம் வரை பாதிக்கும் 'லூபஸ்' நோயாக இருக்கலாம். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுப் பிடுங்க வேண்டும். ஒவ்வாமை உறுதியானவர் அந்த வேலைக்கே போக வேண்டாம். கையுறை கையைத்தான் காக்கும், தூள் முகத்துக்கு வரும்.