கிழவர் போட்ட கற்கண்டு: திருத்தணி மலையில் பாட்டு பிறந்த கதை!

திருத்தணி முருகனுக்குக் காவடி எடுப்பவர்கள் உண்டு. மொட்டை போடுகிறவர்கள் உண்டு. மலை ஏறிப் போய்ப் பாட்டோடு இறங்கி வந்தவர் ஒருத்தர் உண்டு. அவர்தான் முத்துசுவாமி தீட்சிதர்!

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர் இவர். தியாகராஜர், சியாமா சாஸ்திரி, தீட்சிதர் மூன்று பேரும் பிறந்தது திருவாரூரில். அப்படியிருக்க, அந்தச் சீமைக்காரருக்கு வடகோடித் திருத்தணியில் என்ன வேலை?

மணலி வாசம்

தீட்சிதர் பிறந்தது 1775-ல். அப்பா ராமசாமி தீட்சிதரும் பெரிய வித்வான். ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவரே அவர்தான். ரொம்ப நாள் பிள்ளை இல்லாமல், வைத்தீசுவரன் கோவில் முத்துக்குமாரசாமியை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் முத்துசுவாமி என்று பெயர் வைத்தார்கள். ஆக, முருகன் தொடர்பு பிறப்பிலேயே இருக்கிறது!

சென்னைக்குப் பக்கத்தில் மணலி முதலியார் குடும்பம் இவர்களை ஆதரித்தது. வீட்டோடு மணலிக்குக் குடி வந்தார்கள். அங்கே வந்த சிதம்பரநாத யோகி, முத்துசுவாமியைக் காசிக்கு அழைத்துப் போனார். சில ஆண்டுகள் அங்கே வாசம். வீணை, வடநாட்டு சங்கீதம், மந்திர உபதேசம் எல்லாம் கிடைத்தன. யோகி காசியிலேயே காலமானார். சீடர் ஊர் திரும்பினார். அதன் பிறகுதான் திருத்தணிப் பயணம்.

"வாயைத் திற!"

மலையில் கண்ணை மூடி ஜபத்தில் உட்கார்ந்திருந்தார் தீட்சிதர். கிழவர் ஒருவர் வந்தார். "முத்துசுவாமி, வாயைத் திற!" என்றார். திறந்த வாயில் எதையோ போட்டார். இனித்தது. கற்கண்டு! கண்ணைத் திறந்து பார்த்தால் கிழவரைக் காணோம். வந்தது முருகனே என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களுக்குப் பாட்டு இருக்கிறது. அங்கே முதலில் பாடியது 'ஸ்ரீ நாதாதி' கிருதி. ராகம் மாயாமாளவகௌளை. பாட்டு வாத்தியாரிடம் போகும் குழந்தைக்கு முதல் நாள் 'சரிகம' தொடங்குகிறார்களே, அதே ராகம்!

அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு என்று வேற்றுமை உருபு படித்தது ஞாபகம் இருக்கிறதா? சமஸ்கிருதத்திலும் வேற்றுமை எட்டு. வேற்றுமைக்கு ஒன்றாக முருகன் பேரில் எட்டுப் பாட்டுப் பாடினார். இலக்கணத்தைக் கூட இனிக்க வைத்த ஆசாமி!

'குருகுக'

முருகனைக் குறிக்கும் 'குருகுக' என்ற சொல்தான் அதிலிருந்து அவர் முத்திரை. தியாகராஜர் தன் பெயரையே வைத்தார். தீட்சிதரோ திருவாரூர் கமலாம்பாள் மேல் பாடினாலும், நவக்கிரகங்கள் மேல் பாடினாலும், 'குருகுக' என்று கையெழுத்துப் போட்டார். எந்தச் சபாவில் தீட்சிதர் பாட்டு எடுத்தாலும் தணிகை முருகன் பெயர் வந்து விடும்!

பிறகு காஞ்சீபுரம், திருவாரூர், தஞ்சாவூர் என்று கோவில் கோவிலாகப் போனார். பரதநாட்டியத்துக்கு இன்றைய உருவம் கொடுத்த தஞ்சை நால்வர் இவருடைய சீடர்கள். கோட்டையில் வெள்ளைக்காரன் வாசித்த பேண்டு மெட்டுகளுக்கும் சமஸ்கிருதத்தில் வார்த்தை போட்டிருக்கிறார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டும் அதில் உண்டு.

கடைசியில் தம்பி பாலுசாமி வித்வானாக இருந்த எட்டயபுரம் போய்ச் சேர்ந்தார். 1835 தீபாவளி நாளில் அங்கேயே காலமானார். பாரதி பிறந்த அதே எட்டயபுரம்தான்.

பெட்டியில் கிடந்த சொத்து

பாட்டுகள் என்ன ஆயின? குடும்பத்திலும் சீடர்களிடமும் இருந்தன. பாலுசாமியின் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராமர்தான் அதற்குக் காவல். 1839-ல் பிறந்த அவர், பெரியவரைக் கண்ணால் பார்த்ததில்லை. இத்தனை காலம் காத்த சொத்தை ஊருக்கெல்லாம் அவிழ்த்துக் கொடுக்க அவருக்கு லேசில் மனம் வரவில்லை.

விடாமல் நச்சரித்தவர் சின்னசாமி முதலியார். சென்னை செக்ரடேரியட் உத்தியோகஸ்தர். மதத்தால் கிறிஸ்தவர். நம் பாட்டுகளை மேல்நாட்டு முறையில் சுரம் எழுதி அச்சுப் போட்டவர். எட்டயபுரம் ராஜாவும் சேர்ந்து சொல்ல, சுப்பராமர் இறங்கி வந்தார். 1904-ல் வெளிவந்தது 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. சுரத்தோடு, கமகக் குறிகளோடு, 200-க்கும் மேற்பட்ட தீட்சிதர் கிருதிகள். இரண்டு வருஷத்தில் சுப்பராமர் காலமாகிவிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால்?

புத்தகம் எட்டயபுரத்தில் அச்சானாலும் எழுத்து தெலுங்கு. மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவரத் தொடங்கியது 1960-களில்தான். அதற்குள், ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவோடு இருந்த திருத்தணியே 1-4-1960-ல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது!